ஓவன் சூடாகவில்லையா? வீட்டிலேயே கோளாறைக் கண்டறியும் பாடம்

நோன்பு மாதமும் பெருநாளும் நெருங்கும்போது வீட்டு ஓவனுக்கு வேலை கூடிவிடும். கேக், நெய் பிஸ்கட், பன், சுட்ட கோழி என்று வீட்டாருக்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்டர் எடுத்துச் செய்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் ஓவன் நின்றுவிட்டால் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, காரணம் தெரியாமலே புதிய ஓவன் வாங்கிவிடுகிறோம். அல்லது வீட்டில் உள்ள இளைஞர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே கை வைக்கிறார். முதலாவது வீண் விரயம். இரண்டாவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. ஓவனைத் திறக்காமலே கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் கொஞ்சம் பொறுமையும், கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் போதும். கோளாறு தெரிந்துவிட்டால் பழுது பார்ப்பவரிடம் தெளிவாகப் பேச முடியும். தேவையில்லாத பொருளுக்குப் பணம் கொடுக்கவும் நேராது.

முதலில்: உங்களிடம் இருப்பது எந்த ஓவன்?

பல வீடுகளில் மைக்ரோவேவையும் ஓவன் என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு. இந்தப் பாடம் ஓடிஜி என்று கடைகளில் சொல்லப்படும், கம்பி சிவந்து சூடாகும், திருகுக் குமிழ்கள் உள்ள மின்சார ஓவனுக்கு மட்டுமே உரியது.

மைக்ரோவேவ் ஓவனை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவுக்கும் இதே விதிதான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மைக்ரோவேவின் உள்ளே அது 2000 வோல்டுக்கும் மேலாக உயர்த்தப்படுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். "பிளக்கைத்தான் பிடுங்கிவிட்டோமே" என்று தொட்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எனவே மைக்ரோவேவ் பழுதானால் பயிற்சி பெற்றவரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓவனுக்குள் மின்சாரம் போகும் பாதை

கோளாறு கண்டுபிடிப்பதற்கு இந்தப் பாதையைப் புரிந்துகொள்வதுதான் அடிப்படை. பிளக்கில் நுழையும் மின்சாரம் ஒயர் வழியாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சில கதவுகளைக் கடக்கிறது.

1. வெப்ப ஃபியூஸ்: ஓவன் அளவுக்கு மீறிச் சூடானால் ஒரே முறை அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும் காவலாளி. எல்லா மாடல்களிலும் இது இருக்காது.

2. தெர்மோஸ்டாட்: நாம் வைத்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, சூடு குறைந்ததும் மறுபடி கொடுக்கும்.

3. டைமர்: வைத்த நேரம் முடிந்ததும் மணி அடித்து நிறுத்தும்.

4. செலக்டர்: மேல் கம்பியா, கீழ்க் கம்பியா, இரண்டுமா என்று பிரித்துக் கொடுக்கும் குமிழ்.

செலக்டரைத் தாண்டிய பிறகு பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேல் எலிமென்டுக்கும் மற்றது கீழ் எலிமென்டுக்கும் போகிறது. மாடலுக்கு மாடல் இந்தக் கதவுகளின் வரிசை முன்பின்னாக இருக்கலாம். அடிப்படை மாறாது.

ஒரே குழாயில் நான்கு வால்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று மூடியிருந்தாலும் கடைசியில் தண்ணீர் வராது. குழாய் இரண்டாகப் பிரிந்த பிறகு ஒரு கிளை அடைத்துக்கொண்டால் மற்றதில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன.

ஓவனில் எதுவுமே சூடாகவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பொதுப்பாதையில் இருக்கும்: சாக்கெட், ஒயர், வெப்ப ஃபியூஸ், தெர்மோஸ்டாட், டைமர் ஆகியவற்றில் ஒன்று.

மேலே மட்டும் அல்லது கீழே மட்டும் சூடாகிறது என்றால் பொதுப்பாதை முழுவதும் நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்போது சந்தேகப்பட வேண்டியவை சூடாகாத எலிமென்ட், அதற்குப் போகும் ஒயர், செலக்டர் ஆகிய மூன்று மட்டுமே. இந்த நிலையில் யாராவது தெர்மோஸ்டாட் போய்விட்டது என்று சொன்னால், எப்படி என்று தாராளமாகக் கேட்கலாம்.

கருவி இல்லாமல் பார்க்க வேண்டிய ஐந்து

1. டைமர் பூஜ்யத்தில் இருந்தால் ஓவன் சூடாகாது. இதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. சில மாடல்களில் குறைந்த நேரம் வைக்க வேண்டுமானால், முதலில் கூடுதலாகத் திருப்பிவிட்டுப் பிறகு வேண்டிய நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'தொடர்ந்து' ஓடும் நிலை தனியாக உள்ள மாடலில், அந்த நிலையில் வைத்துப் பாருங்கள். அதில் சூடாகி நிமிடத்தில் வைத்தால் சூடாகவில்லை என்றால் டைமர்தான் கோளாறு.

2. செலக்டர் குமிழ் மேல் கம்பியில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு மாறியிருக்கலாம்.

3. விளக்கு அணைந்து அணைந்து எரிவது பல மாடல்களில் கோளாறு அல்ல. தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம் அது. விளக்கு அணையவே அணையாமல், உள்ளே வைத்ததெல்லாம் கருகிப்போகிறது என்றால் அதுதான் ஆபத்து. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே சுவிட்சை அணைத்து, சரிசெய்யும் வரை பயன்படுத்தாமல் இருங்கள்.

4. சாக்கெட்டைச் சோதியுங்கள். மொபைல் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது போதாது. தொடர்பு தளர்ந்த சாக்கெட்டிலும் சார்ஜர் வேலை செய்யும், ஏனென்றால் அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. நல்ல நிலையில் உள்ள இஸ்திரிப் பெட்டியைச் சில நிமிடம் செருகிப் பாருங்கள். சாக்கெட்டில் கருகல் அடையாளமோ வாடையோ இருந்தால் எதையும் செருகாமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

5. மின் அழுத்தத்தைக் கவனியுங்கள். கோடைக்கால மாலைகளில் சில பகுதிகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். வோல்டேஜ் சிறிது குறைந்தாலும் சூடு பெரிதாகக் குறையும். 230 வோல்டில் 1500 வாட் தரும் ஓவன், 180 வோல்டில் சுமார் 920 வாட்தான் தரும். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. சூட்டிலோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. காலையில் நன்றாக வேகும் கேக் மாலையில் மட்டும் வேகவில்லை என்றால் குற்றம் ஓவனுடையது அல்ல.

பிளக்கும் சாக்கெட்டும்

1500 வாட் ஓவன் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் ஓவன் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். நம் வீடுகளில் ஃபேனுக்கும் சார்ஜருக்கும் இருக்கும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. எனவே இத்தகைய ஓவன் 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில்தான் ஓட வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் நுழைக்கும் கன்வெர்ட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் ஓவனுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அரை மணி நேரம் ஓவன் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய பின், உருகிய விளிம்பு ஆகியவை தளர்ந்த தொடர்பின் அடையாளங்கள். பல சமையலறைத் தீ விபத்துகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. அதைப் பிடித்திருந்த சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

திறக்காமலே அளந்து பார்ப்பது

இப்போது மல்டிமீட்டருக்கு வருவோம். இந்தச் சோதனைகள் அனைத்தும் பிளக்கை வெளியே எடுத்த பிறகே செய்ய வேண்டும். ஓவன் குறைந்தது ஒரு மணி நேரம் ஆறியிருக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது எதையும் அளக்க வேண்டாம். அது எலக்ட்ரீஷியனின் வேலை. டிஜிட்டல் திரையும் தொடு பட்டன்களும் உள்ள ஓவனில் இந்த முறை பொருந்தாது. அதில் மின்சாரம் வந்தால்தான் உள்ளே பாதை திறக்கும்.

மல்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வையுங்கள். அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் பூஜ்யத்தை ஒட்டிய எண் காட்ட வேண்டும். பிரித்தால் 1 அல்லது ஓஎல் என்று காட்டும். அதற்கு 'பாதை அறுந்திருக்கிறது' என்று பொருள்.

சோதனை 1: எலிமென்ட். ஓவனின் பின்புறத் தகட்டில் வாட் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதிலிருந்து எத்தனை ஓம் வர வேண்டும் என்று கணக்கிடலாம். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை வாட் எண்ணால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

750 வாட்: சுமார் 70 ஓம்
1000 வாட்: சுமார் 53 ஓம்
1200 வாட்: சுமார் 44 ஓம்
1500 வாட்: சுமார் 35 ஓம்
2000 வாட்: சுமார் 26 ஓம்

பத்து சதவீதம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். உள்ளே குண்டு பல்பு உள்ள மாடலில் எண் சற்றுக் குறையலாம்.

இப்போது தெர்மோஸ்டாட்டை 200 டிகிரியில் வையுங்கள். டைமரைத் திருப்பிவிடுங்கள். செலக்டரை 'மேலும் கீழும்' என்ற நிலையில் வையுங்கள். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பிளக்கின் கீழே உள்ள இரு பின்களில் வையுங்கள். மேலே உள்ள பெரிய பின் எர்த். அதைத் தொட வேண்டாம். வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செலக்டரை 'மேலே மட்டும்', 'கீழே மட்டும்' என்று மாற்றி ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 1500 வாட் ஓவன். மேலே 750, கீழே 750 என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஓவனில் மேலே 70, கீழே 70, இரண்டும் சேர்ந்தால் 35 ஓம் வரும். இரண்டும் சேர்ந்த நிலையிலும் 70 வந்தால் ஒரு பக்கம் செத்துவிட்டது. 'கீழே மட்டும்' என்ற நிலையில் 1 காட்டினால் செத்தது கீழ்ப்பக்கம். எல்லா நிலையிலும் 1 காட்டினால் பொதுப்பாதை அறுந்திருக்கிறது. அப்போது மீட்டரைப் பிடித்தபடியே ஒயரைப் பிளக்கின் அருகிலும் ஓவனுக்குள் நுழையும் இடத்திலும் இன்னொருவர் மெல்ல வளைக்கட்டும். எண் வந்து வந்து போனால் ஒயர் உள்ளே ஒடிந்திருக்கிறது. எந்த நிலையிலாவது 5 ஓமுக்கும் குறைவாக வந்தால் ஷார்ட். அந்த ஓவனைச் செருகவே கூடாது.

பல மாடல்களில் மேலே இரண்டு கம்பிகளும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் இரண்டுமே சூடாகாது. எனவே இரண்டு கம்பியும் ஒரே நாளில் போய்விட்டன என்று யாராவது சொன்னால், ஒவ்வொன்றையும் தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

சோதனை 2: எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும், மறுமுனையை ஓவனின் பின்புறம் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூ தலையிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். 1 அல்லது ஓஎல் காட்டினால் ஓவன் நன்றாகச் சூடானாலும் பயன்படுத்தக் கூடாது. இப்போதைக்கு ஷாக் அடிக்காமல் இருக்கலாம். என்றைக்காவது உள்ளே மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் போவதற்குத் தொடுபவரின் உடலே வழியாகிவிடும்.

ஓவன் சரியாக இருந்தாலும் சுவரில் உள்ள சாக்கெட்டின் மூன்றாவது துளையில் எர்த் ஒயரே இல்லாத வீடுகள் உண்டு. பழைய வாடகை வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெற வேண்டிய நியாயமான தேவை இது.

சோதனை 3: மின்கசிவு. மீட்டரை மெகா ஓம் நிலைக்கு மாற்றுங்கள். குமிழ்கள் சோதனை 1-ல் வைத்தபடியே இருக்கட்டும். எர்த் பின்னுக்கும் மற்ற இரு பின்களுக்கும் இடையே தனித்தனியாக அளவெடுங்கள். மீட்டர் முனைகளின் உலோகத்தில் விரல் படக்கூடாது. பட்டால் உங்கள் உடலையும் சேர்த்து அளந்துவிடும். 1 அல்லது ஓஎல் காட்டினால் நல்லது. ஒரு மெகா ஓமுக்கும் குறைவாகக் காட்டினால் கசிவு இருக்கிறது. மல்டிமீட்டர் குறைந்த வோல்டில் அளப்பதால் சில கசிவுகள் இதில் தெரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் மெகர் என்ற கருவியால் 500 வோல்டில் அளந்து சொல்வார்.

ட்ரிப் ஆகிறது என்றால்

எது ட்ரிப் ஆகிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி விழுந்தால் மின்சாரம் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள்: ஒரே லைனில் ஓவனோடு கீசரோ மோட்டாரோ ஓடியிருக்கலாம், அல்லது ஷார்ட் இருக்கலாம். 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்சிசிபி விழுந்தால் மின்சாரம் எங்கோ கசிகிறது என்று பொருள். போன மின்சாரம் திரும்பி வரவில்லை என்பதைக் கண்டு அது நிறுத்துகிறது. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு உரிய ஆர்சிசிபி பொருத்துவார்கள். மனித உயிரைக் காப்பதற்கென்றே வைத்த அளவு அது.

ஓவன் எலிமென்டின் உள்ளே கம்பிச்சுருளைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி அடைத்திருப்பார்கள். இது ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மழைக்காலம் முழுவதும் பரணில் கிடந்த ஓவனை நோன்பு மாதத்தில் எடுத்துப் போட்டதும் ஆர்சிசிபி விழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கீழ்க் கம்பியை மட்டும் போட்டால் விழுகிறது, மேல் கம்பியில் விழவில்லை என்றால் கசிவு கீழ் எலிமென்டில்தான். எலக்ட்ரீஷியன் அதை உலர வைத்து மெகரில் அளந்து பார்ப்பார். சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து ஒயர் போடுவதும், எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டுவதும், வெப்ப ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு துண்டு ஒயரை வைத்து முறுக்குவதும் பழுது பார்ப்பது ஆகாது. அது காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது. வெப்ப ஃபியூஸ் அறுந்திருந்தால் அதே டிகிரி, அதே ஆம்பியர் உள்ள புதியதைப் போட வேண்டும். அது ஏன் அறுந்தது என்றும் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதால் அறுந்திருந்தால், புதிய ஃபியூஸும் சில நாளில் போய்விடும்.

சூடு சரியாக இருக்கிறதா? சர்க்கரைச் சோதனை

ஓவன் சூடாகிறது, ஆனால் கேக் மேலே கருகி நடுவில் மாவாக இருக்கிறது. இந்தக் குறைக்கு ஓவன் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சர்க்கரை போதும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை சுமார் 186 டிகிரியில் உருகும்.

ஓவனை 175 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்குங்கள். ஒரு சிறிய அலுமினியக் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி சர்க்கரையை நடுத்தட்டில் 15 நிமிடம் வையுங்கள். உருகக் கூடாது. உருகினால் உங்கள் ஓவன் குமிழ் காட்டுவதைவிட அதிகமாகச் சூடாகிறது. பிறகு புதிய சர்க்கரையை 190 டிகிரியில் அதேபோல 15 நிமிடம் வையுங்கள். உருக வேண்டும். உருகவில்லை என்றால் சூடு குறைவு. வித்தியாசம் சிறிதாக இருந்தால் பழுது பார்க்க அவசியமில்லை. குமிழை அதற்கேற்பக் கூட்டியோ குறைத்தோ வைத்துப் பழகலாம். உருகிய சர்க்கரை கையில் பட்டால் ஆழமாகச் சுடும். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சூடு பரவாததற்கு வேறு எளிய காரணங்களும் உண்டு. தட்டு ஓவனின் அகலம் முழுவதையும் அடைத்தால் கீழ்ச்சூடு மேலே வராது. கீழே சிந்துவதைப் பிடிக்க அலுமினியத் தாளை விரித்தால், சூடு திரும்பி அடித்துக் கீழ் எலிமென்டையே கெடுக்கலாம். கதவு இறுக மூடாவிட்டால் முன்பக்கம் வேகாது.

பழுது பார்ப்பவரிடம் போகும்போது

வாரண்டி காலத்தில் இருந்தால் ஓவனைத் திறக்கவே வேண்டாம். பில்லையும் வாரண்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் சர்வீஸுக்கே போங்கள். அவர்கள் தட்டிக் கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுக் கால அவகாசம் உண்டு. பில் இல்லாமல் இவை எல்லாமே கடினம். எனவே வாங்கிய அன்றே பில்லைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் நாளடைவில் வெளுத்துவிடும்.

வாரண்டி முடிந்திருந்தால் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொண்டுபோங்கள்: எப்போது தொடங்கியது, எந்த நிலையில் சூடாகவில்லை, மீட்டரில் என்ன எண் வந்தது, எது ட்ரிப் ஆனது. வேலை முடிந்ததும் மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்கு வருத்தப்பட மாட்டார். வீட்டுக்கு வந்ததும் சோதனை 2-ஐ மறுபடி செய்யுங்கள். திறந்து மூடும்போது எர்த் ஒயரை மாட்டாமல் விட்டுவிடுவது நடக்கக்கூடிய ஒன்று.

எலிமென்ட், தெர்மோஸ்டாட், டைமர், வெப்ப ஃபியூஸ், ஒயர் இவையெல்லாம் மாற்றக்கூடியவை. உடல் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது, உள் ஒயர்களின் உறை பொடிந்து உதிர்கிறது, கதவுக் கண்ணாடி விரிசல் விட்டது என்று பல குறைகள் சேர்ந்திருந்தால் அதற்குச் செலவு செய்வது சரியல்ல. அத்தகைய ஓவனை, தெரிந்தே இன்னொரு ஏழைக் குடும்பத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது. நம் வீட்டுக்கு ஆபத்தான பொருள் அவர்கள் வீட்டுக்கும் ஆபத்துதான். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அவசர நேரத்தில்

ஓவனுக்குள் தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். சுவரில் உள்ள சுவிட்சை அல்லது மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தீ வெளியே பரவினால் எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால், பாசத்தில் ஓடிப்போய்த் தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும், விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

குடும்பத்தோடு உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் விடை காணுங்கள். விடைகள் கீழே உள்ளன.

1. உங்கள் ஓவன் தகட்டில் 1600 வாட் என்று இருக்கிறது. மேல், கீழ் இரண்டும் சேர்ந்த நிலையில் எத்தனை ஓம் வர வேண்டும்?

2. ஓவனில் மேல்பக்கம் நன்றாகச் சிவக்கிறது, கீழே சூடே இல்லை. தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். சரியா?

3. கேக் நன்றாக வருகிறது. ஆனால் எர்த் சோதனையில் மீட்டர் 1 காட்டுகிறது. நாளை தர வேண்டிய ஆர்டர் கையில் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. 52,900-ஐ 1600-ஆல் வகுத்தால் சுமார் 33 ஓம். 2. சரியல்ல. தெர்மோஸ்டாட் பொதுப்பாதையில் இருக்கிறது. அது கெட்டிருந்தால் மேலேயும் சூடாகியிருக்காது. கீழ் எலிமென்ட், அதன் ஒயர், செலக்டர் மூன்றையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 3. அந்த ஓவனை ஓட்டக் கூடாது. பக்கத்து வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஓவனைக் கேட்டு வாங்கி முடித்துக் கொடுக்கலாம். அல்லது ஆர்டர் கொடுத்தவரிடம் உண்மையைச் சொல்லி ஒருநாள் தவணை கேட்கலாம். தாமதமாகப் போன கேக்குக்கு மன்னிப்புக் கேட்க முடியும். போன உயிரைத் திரும்பப் பெற முடியாது.